நாய்களைப் பற்றிய அறிவும் ஒரு நாயைப் பற்றிய அறிவும்

வீட்டு நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், வளர்ப்பவர் இன்று முதலில் எடுப்பது கைப்பேசியை. அறிகுறியைத் தட்டினால் போதும், காரணங்கள், மருந்துகள், அளவுகள், பாட்டி வைத்தியம் என்று பக்கம் பக்கமாக வந்து விழுகின்றன. இந்தத் தகவல்கள் சரியா தவறா என்பதே வழக்கமாக எழும் கேள்வி. அதற்கு விடை சொல்வது எளிது. சில சரி, சில தவறு. அந்தக் கேள்விக்கு அடியில் அதைவிடப் பழைய, கடினமான கேள்வி ஒன்று கிடக்கிறது. இணையத்தில் எழுதப்பட்டது முழுக்க முழுக்க உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், அதைப் படித்தவர் தன் முன்னே படுத்திருக்கும் நாயைப் பற்றி எதை அறிந்துகொண்டார்? நாய்களைப் பற்றி அறிவதும் இந்த ஒரு நாயைப் பற்றி அறிவதும் ஒன்றுதானா? அறிவு எவ்வாறு பிறக்கிறது, எவருடைய சொல்லை எதுவரை நம்பலாம் என்று ஆராயும் அளவை இயலுக்கு உரிய கேள்வி இது.

அறிவு பிறக்கும் வழிகளை எண்ணி வகுப்பதில் இந்தியத் தத்துவ மரபுகள் பெரும் உழைப்பைச் செலவிட்டிருக்கின்றன. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி முதலில் பேசுவதே இதைப் பற்றித்தான். வேதவியாதன் பத்து அளவைகளும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறும் கொண்டதாக அவன் சொல்கிறான். அதே காப்பியத்தில் பின்னர் அறவண அடிகள் விளக்கும் பௌத்த அளவை நெறியில் இரண்டே உண்டு. நியாய மரபு நான்கை ஏற்கிறது. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் நிலைகொள்கிறது. கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது, அறிந்தவர் சொல்லக் கேட்பது என்று எளிமையாகச் சொல்லலாம். இணையத்தில் படிப்பது இவற்றில் மூன்றாவதைச் சேரும்.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் இங்கே மிகவும் பயன்படும் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒரு பொருளுக்குப் பொதுவியற்கை உண்டு, தன்னியற்கையும் உண்டு. பிற இனங்களிலிருந்து பிரிந்து, தன் இனத்தோடு ஒத்திருப்பது பொதுவியற்கை. பிற இனங்களிலிருந்து மட்டுமின்றித் தன் இனத்தைச் சேர்ந்த மற்றவற்றிலிருந்தும் விலகித் தானாக நிற்பது தன்னியற்கை. நாயின் இயல்பான உடல் வெப்பம் மனிதனுடையதைவிடக் கூடுதல், ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. இது நாயினத்தின் பொதுவியற்கை. எந்த நல்ல இணையப் பக்கத்திலும் கிடைக்கும், அறிந்திருக்க வேண்டியதும் கூட. ஆனால் நேற்றுவரை வாசலுக்கு ஓடிவந்த நாய் இன்று வாலை மட்டும் அசைத்துவிட்டு மூலையிலேயே படுத்திருப்பதும், அதன் ஈறு வெளிறியிருப்பதும், வயிற்றின் இடப்பக்கம் தொட்டால் அது முனகுவதும் அந்த நாயின் தன்னியற்கை. அது எந்த எழுத்திலும் இல்லை. தேடுபொறி எவ்வளவு வளர்ந்தாலும் அங்கே அகப்படாது.

பொது அறிவே சில இடங்களில் தன் எல்லையைத் தானே சொல்லிவிடுகிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்கு ஆகாது என்பது இன்று பரவலாகத் தெரிந்த செய்தி. ஆனால் ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் திரிகிறது. இன்னொன்று சில பழங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்து விழுகிறது. காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. பழத்திலுள்ள டார்டாரிக் அமிலமே நஞ்சாக இருக்கலாம் என்ற கருத்தை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021இல் முன்வைத்தார்கள். அந்த அமிலத்தின் அளவு பழத்துக்குப் பழம் மாறும். சாக்லேட்டில் நஞ்சாகும் தியோபுரோமின் கறுப்புச் சாக்லேட்டில் மிகுதி, பால் சாக்லேட்டில் குறைவு. ஆகவே எந்த வகை, எவ்வளவு, நாயின் எடை என்ன, தின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவை தெரியாமல் ஆபத்தைக் கணக்கிட வழியில்லை. சர்க்கரைக்கு மாற்றாகச் சூயிங்கம்மில் சேர்க்கும் சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைப் பொங்கவைத்து, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடக்கூடும். இந்த மூன்றிலும் நல்ல பக்கம் சொல்லக்கூடிய சரியான சொல் ஒன்றுதான்: உடனே மருத்துவரிடம் போங்கள். அப்படிச் சொல்லும் பக்கம் தன் எல்லையை அறிந்த பக்கம்.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படுவது உண்ணிக் காய்ச்சலில். இங்குள்ள வெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணி ஆண்டு முழுவதும் பெருகும். சுவர் இடுக்கிலும் கதவு நிலையிலும் ஒளிந்து வாழும். அது கொண்டுவரும் நோய் ஒன்றல்ல. எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளணுக்களுக்குள் புகுந்து வாழ்கிறது. பேபீசியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கிறது. மூன்றாவதான ஹெப்பட்டோசூன், உண்ணி கடிப்பதால் வருவதில்லை. நாய் தன் உடலை நக்கும்போது உண்ணியை விழுங்குவதால் உள்ளே போகிறது. மூன்றிலும் வெளியே தெரிபவை ஏறக்குறைய ஒன்றே: காய்ச்சல், சோர்வு, தீனியில் வெறுப்பு, வெளிறிய ஈறு, சில வேளை மூக்கில் ரத்தம். மருந்தோ வேறு வேறு. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், அதுவும் நான்கு வாரம் விடாமல். பேபீசியாவில் பெரிய வகைக்கு இமிடோகார்ப் ஊசி வேலை செய்யும். பேபீசியா கிப்சனை என்ற சிறிய வகை அதற்கு அவ்வளவாகக் கட்டுப்படாது, அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரே நாய்க்கு இரண்டு நோய்கள் ஒன்றாக இருப்பதும் உண்டு.

இங்கே எழுதப்பட்ட இவ்வளவும் பொதுவியற்கையே. இதைப் படித்த ஒருவர் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி நிறைய அறிந்தவர் ஆகிறார். தன் நாயின் ரத்தத்தில் ஓடுவது எது என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தட்டணுக்களை எண்ண வேண்டும். பூச்சில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது; அப்போது பிசிஆர் பரிசோதனை தேவைப்படலாம். இவை அனைத்தும் காட்சியும் கருதலும் சார்ந்த வேலைகள். உரையால் இவற்றின் இடத்தை நிரப்ப முடியாது. "உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின்" என்று படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனவர், கிப்சனை தாக்கிய நாய்க்கு அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும் நாட்களில் அந்த நாயின் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருக்கும். அவர் படித்த வாக்கியத்தில் பொய் இல்லை.

தோல் நோயும் இப்படித்தான். முடி உதிர்ந்து தோல் தடித்துச் சிவந்த நாயைப் பார்த்தால் யாரும் சொறி என்று சொல்லிவிடுவார்கள். அது ஒட்டிப் பரவும் சார்காப்டிஸ் பூச்சியாக இருக்கலாம், மயிர்க்காலுக்குள் வாழும் டெமோடெக்ஸாக இருக்கலாம், பூஞ்சையாகவோ ஒவ்வாமையாகவோ இருக்கலாம். ஒவ்வாமைக்குத் தரும் ஸ்டீராய்டு டெமோடெக்ஸ் உள்ள நாயின் எதிர்ப்பாற்றலைக் குறைத்து நோயை விரித்துவிடும். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் வேப்பெண்ணெய், மஞ்சள், சில ஊர்களில் வண்டியிலிருந்து வடித்த கழிவு எஞ்சின் எண்ணெய் வரைக்கும் பூசிவிடுகிறார்கள். கழிவு எண்ணெயை நாய் நக்கும், தோலும் அதை உறிஞ்சும். இந்தப் பழக்கத்தை இணையம் உண்டாக்கவில்லை. ஆனால் முன்பு ஒரு தெருவுக்குள் இருந்ததை அது உலகத்துக்கெல்லாம் கொண்டுபோகிறது.

அடுத்து, சொல்பவர் யார் என்பது. நியாய சூத்திரத்தில் கௌதமர், ஆப்தரின் உபதேசமே உரை என்னும் அளவை என்கிறார். ஆப்தர் யார் என்பதை உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தெளிவாக வரையறுக்கிறார்: பொருளை நேரில் அறிந்தவர், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவர், சொல்லவும் செய்பவர். இந்த இலக்கணம் ரிஷி, ஆரியர், மிலேச்சர் எல்லோருக்கும் பொது என்றும் அவர் சேர்க்கிறார். அந்தக் காலத்துக்கு இது துணிவான கூற்று. குலமும் பட்டமும் ஒருவரை ஆப்தராக்குவதில்லை. பொருளை அறிந்திருப்பதும் நேர்மையுமே ஆக்குகின்றன.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இணையத்தில் எழுதுவோரை ஒட்டுமொத்தமாகத் தள்ள முடியாது. பல தலைமுறைகளாகச் சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ வளர்த்த குடும்பத்தில் ஒருவர், குட்டி தேறுமா தேறாதா என்பதைக் கல்லூரியில் புதிதாகப் பட்டம் பெற்றவரைவிடச் சீக்கிரம் சொல்லக்கூடும். சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு கொஞ்சம் தெரிவது இயல்பே, பட்டினி அல்ல என்று அவர் எழுதினால் அது ஆப்த வாக்கியம்தான். தன் நாய்க்கு நடந்ததை நடந்தபடி எழுதும் வளர்ப்பவரும் தன் நாயைப் பொறுத்தவரை ஆப்தரே. ஆனால் ஆப்தத் தன்மை பொருளோடு கட்டுண்டது. அவர் நேரில் அறிந்த பொருள் அவருடைய நாய்; படிப்பவரின் நாயை அவர் பார்த்ததில்லை. இந்த வரம்பு கற்றறிந்த கால்நடை மருத்துவருக்கும் பொருந்தும். அவர் எழுதிய கட்டுரை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், எழுதும்போது அவர் காணாத நாயைப் பற்றி அந்தக் கட்டுரைக்கு ஆப்தத் தன்மை இல்லை. அவரே அந்த நாயைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் அதைப் பெறுகிறார். இணையத்துக்கும் மருத்துவருக்கும் இடையிலான வேறுபாட்டைத் தரமற்ற தகவலுக்கும் தரமான தகவலுக்கும் உள்ள வேறுபாடாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

யார் சொன்னால் என்ன, சொன்ன பொருளின் உண்மையைக் காண்பதே அறிவு என்று திருக்குறளில் ஒரு குறள் உண்டு. தமிழர் அடிக்கடி எடுத்தாள்வது. அது ஆப்தரைத் தேடச் சொல்லும் நியாய மரபுக்கு எதிரானது போலத் தோன்றும். உண்மையில் அந்தக் குறள் கேட்பவர் மீது கடினமான கடமையை வைக்கிறது: மெய்ப்பொருளைக் காணும் ஆற்றல் கேட்பவரிடம் இருக்க வேண்டும். நுண்ணோக்கியும் பயிற்சியும் இல்லாதவர், தன் நாயின் நோய்க்குச் சொல்லப்படும் பத்து விளக்கங்களில் எது மெய் என்று எதைக் கொண்டு காண்பார்? காண முடியாத இடத்தில், காணக்கூடியவரைத் தேடிச் செல்வதே அந்தக் குறளின்படி நடப்பது.

இனி, கருதல். "எங்கள் நாய்க்கும் இதேதான், இந்த மருந்து கொடுத்தோம், சரியாகிவிட்டது" என்ற வாக்கியம் இணையத்தில் எண்ணற்ற முறை வருகிறது. இதில் ஒரு வியாப்தி, அதாவது மாறாத் தொடர்பு, மறைமுகமாகக் கோரப்படுகிறது: இந்த நோய் உள்ள இடத்தில் இந்த மருந்து குணமாக்கும். நியாய மரபினர் இத்தகைய தொடர்புகளைச் சோதிக்க உபாதி என்ற கருத்தை உருவாக்கினார்கள். நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு இருந்தால்தான் புகை வரும். சொல்லப்படாமல் பின்னால் நின்று தொடர்பை உண்டாக்கும் அந்த ஈர விறகே உபாதி.

நாய் மருத்துவத்தில் உபாதிக்கு ஐவர்மெக்டினைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சொறிக்கும் புழுவுக்கும் மலிவாகக் கிடைக்கும் மருந்து அது. பெரும்பாலான நாய்கள் அதைத் தாங்கும். ஆனால் கோலி இன நாய்களிலும் அவற்றோடு தொடர்புடைய சில மேய்ப்பு நாய்களிலும் ஏபிசிபி1 என்ற மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதுண்டு. மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதம் அவற்றில் வேலை செய்யாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001இல் இது கண்டறியப்பட்டது. அத்தகைய நாய்க்குச் சொறிக்கான அளவில் அந்த மருந்தைக் கொடுத்தால் தள்ளாடும், பார்வை போகும், வலிப்பு வரும், மயக்கத்தில் ஆழ்ந்து இறக்கவும் கூடும். இதயப்புழுத் தடுப்புக்குத் தரும் மிகச் சிறிய அளவு அவற்றுக்கும் பாதுகாப்பானதே. ஒரே மருந்து, ஒரே நோய். மரபணு என்ற உபாதியும் அளவும் முடிவை மாற்றிவிடுகின்றன. "எங்கள் நாய்க்குச் சரியாயிற்று" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. தன் நாயிடம் இருந்த ஈர விறகு எது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவே.

இதோடு இன்னொரு குறைபாடும் சேர்கிறது. நாயின் வாந்தி, வயிற்றுப்போக்கு பலவும் எதுவும் செய்யாமலேயே ஓரிரு நாளில் நின்றுவிடுபவை. அந்த நேரத்தில் எது கொடுக்கப்பட்டதோ அதற்குப் பெருமை சேர்கிறது. அதே மருந்தைக் கொடுத்து நாயை இழந்தவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. துக்கத்தில் இருப்பவருக்குப் பிறருக்கு அறிவுரை சொல்ல மனம் வராது. ஆகவே படிப்பவர் கண்ணில் படும் சான்றுகள் பிழைத்தவர்களின் பக்கமே சாய்ந்து கிடக்கின்றன.

கிரேக்க மரபில் இதே பிரச்சினையைப் பிளேட்டோ வியக்கத்தக்க நெருக்கத்தில் பார்த்திருக்கிறார். 'ஃபீட்ரஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் ஒரு மனிதனைக் கற்பனை செய்கிறார். உடலைச் சூடாக்கவும் குளிரச் செய்யவும், வாந்தி எடுக்க வைக்கவும், வயிற்றைக் கழுவவும் தனக்குத் தெரியும், ஆகவே தான் மருத்துவன் என்று அவன் சொல்கிறான். யாருக்கு, எப்போது, எந்த அளவுக்கு என்று தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்கிறான். அவனுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது, ஏதோ புத்தகத்திலிருந்து கேட்டுவிட்டோ தற்செயலாகச் சில மருந்துகள் கைக்குக் கிடைத்ததாலோ தன்னை மருத்துவன் என்று நினைக்கிறான் என்பார்கள் என்று ஃபீட்ரஸ் பதில் சொல்கிறான்.

வாந்தி எடுக்க வைப்பது என்ற அந்த உதாரணம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. நஞ்சு தின்ற நாயை வாந்தி எடுக்க வைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கச் சொல்லும் குறிப்புகள் எங்கும் உண்டு; உப்புக் கரைசல் கொடுக்கச் சொல்வனவும் உண்டு. அமிலமோ காரமோ குடித்த நாய்க்கு வாந்தி வரவழைத்தால் உணவுக்குழாய் இரண்டாம் முறை வேகும். மண்ணெண்ணெய் குடித்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். பக் போன்ற தட்டை மூஞ்சி நாய்க்கும், நினைவு மங்கிய நாய்க்கும் மூச்சுக்குழாய் அடைபடும். உப்போ ரத்தத்தில் சோடியத்தை ஏற்றித் தானே கொல்லும். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்ததுதான் மருத்துவம். திருக்குறளின் மருந்து அதிகாரமும் கற்றவன் கருத வேண்டியவையாக ஏறத்தாழ இதே மூன்றைச் சொல்கிறது: நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு நிலங்களின் சிந்தனையாளர்கள் ஏறக்குறைய ஒரே மூன்றில் வந்து நிற்பது தற்செயல் என்று தோன்றவில்லை. மனிதரின் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் சிவப்பணுக்களையும் தாக்கக்கூடியது. பூனைக்கு ஒரு மாத்திரையே எமன். அதே மருந்தைக் கால்நடை மருத்துவர் எடைக்கு அளந்து நாயின் வலிக்குத் தருவதும் உண்டு. நஞ்சும் மருந்தும் இங்கே பொருளில் வேறுபடவில்லை, அளவில் வேறுபடுகின்றன.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் இதை இன்னும் நேரடியாகச் சொல்கிறார். மருத்துவர் மனிதன் என்ற பொதுவைக் குணப்படுத்துவதில்லை. காலியாஸையோ சாக்ரட்டீஸையோ, பெயருள்ள ஒருவரைக் குணப்படுத்துகிறார் என்பது 'மெட்டாஃபிசிக்ஸ்' நூலின் தொடக்கத்தில் வருகிறது. ஒழுக்கவியல் நூலின் முடிவில், மருத்துவ நூல்களைப் படித்து எவரும் மருத்துவர் ஆவதில்லை, அந்த நூல்கள் அனுபவமுள்ளவருக்குப் பயன்படும், அறியாதவருக்குப் பயன்படா என்கிறார். இந்த இரண்டாம் கூற்று சற்றுக் கடுமையானது. நாய்க்கு ஆகாத உணவுகளின் பட்டியல் அறியாதவருக்கும் பயன்படத்தான் செய்கிறது. சிகிச்சையைப் பொறுத்தவரை அவர் சொன்னது நிற்கிறது.

எழுத்திடம் எதைக் கேட்டாலும் அது ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும் என்பது பிளேட்டோ வைத்த இன்னொரு குற்றச்சாட்டு. இப்போது கேட்டால் பதில் சொல்லும், எதிர்க்கேள்வியும் கேட்கும் செயலிகள் வந்துவிட்டன. குற்றச்சாட்டு இதனால் பாதி தீர்கிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. செயலிக்குத் தெரிவது வளர்ப்பவர் சொன்னது மட்டுமே. வளர்ப்பவருக்கோ எதைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாமல் இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவம் கழிந்து சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பார். கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது. கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்பது முக்கியம் என்று அறியாதவர் அதைச் சொல்லவே மாட்டார். செயலி கேட்டாலும், வயிற்றைத் தடவிப் பார்க்க அதற்குக் கை இல்லை.

நாய் பேசாது என்பது இந்த அறிவுப் பிரச்சினையை மனித மருத்துவத்தைவிட ஆழமாக்குகிறது. வலி எங்கே, எப்போதிலிருந்து என்று நோயாளி சொல்வது மனிதரில் பாதி வேலையை முடித்துவிடும். நாயில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. வலியை மறைப்பதும் நாய்களில் மிகுதி. சரக சம்ஹிதை நோயை அறிய ஆப்தோபதேசம், காட்சி, அனுமானம் மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறது. ஒன்றை மட்டும் கொண்டு முழுமையாக அறிய முடியாது என்பது அதன் நிலை. பேசாத உயிரின் விஷயத்தில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாயின் அன்றாடத்தைக் கண்டவர் வளர்ப்பவர். எவ்வளவு தின்னும், எப்படி நடக்கும், எந்த நேரத்தில் எங்கே படுக்கும் என்று அவர் அறிவார். மருத்துவர் பார்ப்பதோ சில நிமிடம், அதுவும் புது இடத்தில் பயந்து நிற்கும் நாயை. வளர்ப்பவர் தரும் காட்சி இல்லாமல் மருத்துவரின் கருதல் ஊனமாகும். இணையம் உண்மையாகவே உதவக்கூடியது இங்கேதான்: எதைக் கவனிக்க வேண்டும், ஈற்றின் நிறத்தை எப்படிப் பார்க்க வேண்டும், மூச்சை எப்படி எண்ண வேண்டும் என்று வளர்ப்பவரின் கண்ணைப் பழக்குவதில்.

வெறிநோய் இந்த விவாதத்தின் இரு பக்கங்களையும் ஒருசேரக் காட்டுகிறது. அதன் முடக்கு வடிவத்தில் நாய் கடிக்கப் பாய்வதில்லை. தாடை தளர்ந்து தொங்கும், உமிழ்நீர் வடியும், விழுங்க முடியாது. பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். எலும்பு சிக்கினால் வாயைத் திறந்து எடுங்கள் என்ற குறிப்பு தன்னளவில் பிழையற்றது. அதைப் படித்துவிட்டு அந்த நாயின் வாய்க்குள் கைவிடுபவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். மறுபக்கம், நாய் கடித்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட வேண்டும் என்பது யாருக்கும், எந்த நேரத்திலும், எந்த நாய்க்கடிக்கும் பொருந்தும். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைப்பவரை இந்த ஒரு பொதுத் தகவல் காப்பாற்றும். அறிகுறி தோன்றிவிட்டால் வெறிநோயிலிருந்து தப்பியவர் மிக மிக அரிது. ஆகவே பொது அறிவு எங்கெங்கும் போதாது என்று சொல்வதும் பிழை. செய்ய வேண்டியது தனி உயிரின் தன்னியற்கையைப் பொறுத்து மாறாத இடத்தில் பொது அறிவே போதும். அதை உடனே பின்பற்றுவதே கடமை.

அறிவின் கேள்வி இங்கே அறத்தின் கேள்வியாகவும் ஆகிறது. ஒருவர் தன் உடம்பில் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்தால் அது அவர் முடிவு. நாய்க்குக் கொடுக்கும்போது ஒப்புதல் தர முடியாத, வேண்டாம் என்று சொல்ல முடியாத உயிரின் மீது அது நடக்கிறது. அன்பால்தானே கொடுத்தோம் என்பது போதுமான விடையா? சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, கவனமற்ற செயலால் உயிர்க்கு ஊறு விளைவிப்பது என்கிறது. வெறுப்பு அங்கே நிபந்தனையாக வைக்கப்படவில்லை. காய்ச்சலில் நடுங்கும் நாய்க்குப் பரிவோடு பாராசிட்டமால் கொடுப்பவரிடம் கொடுமை இல்லை; கொடுக்கும் முன் கேட்டறியும் கவனம் இல்லை. சமண நோக்கில் அது இம்சையின் எல்லைக்குள் வருகிறது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் பேசாத உயிரின் பக்கம் நின்று பார்த்தால் அதைத் தளர்த்த நியாயம் தெரியவில்லை.

மருத்துவர் மட்டும் தவறாதவரா என்ற எதிர்க்கேள்வி நேர்மையானது. மருத்துவரும் தவறுவார். பரிசோதிக்காமலே ஊசி போடுபவர் உண்டு. சிற்றூரில் இருக்கும் ஒரே கால்நடை மருத்துவர் நாள் முழுவதும் மாடுகளையும் ஆடுகளையும் பார்த்து, நாய்களில் பழக்கம் குறைந்தவராக இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஆகும் செலவு பல குடும்பங்களுக்கு எட்டாதது. இந்தத் துயரங்களை மறைத்துவிட்டு "மருத்துவரிடம் போ" என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. நாட்டில் 1984ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் பதிவு பெற்றவரே மருத்துவம் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஐந்தரை ஆண்டுப் படிப்பும் பதிவேட்டில் பெயரும் உள்ளவர் தன் சொல்லுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மருந்து பலிக்காவிட்டால் நாயை மறுநாள் திரும்பக் கொண்டுபோகலாம்; அவர் மீண்டும் பார்த்துத் தன் முடிவைத் திருத்திக்கொள்ளலாம். இணையப் பக்கம் அந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் அறியப்போவதில்லை. தவறு செய்வது இரண்டுக்கும் பொது. தவறு தெரிந்து திருந்தும் வழி ஒன்றுக்குத்தான் உண்டு.

ஆராயாமல் ஒருவரைத் தெளிவதும், தெளிந்த பின் அவரை ஐயுறுவதும் தீராத இடும்பை தரும் என்று வள்ளுவர் ஆட்சியாளருக்குச் சொன்னது நாய் வளர்ப்பவருக்கும் பொருந்தும். மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் முன் விசாரிக்கலாம், இணையத்திலும் தேடலாம். தேர்ந்தெடுத்து, அவர் நாயைப் பார்த்து மருந்து எழுதிய பிறகு, வீட்டுக்கு வந்து தேடுபொறியைக் கேட்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது மிக மோசமான வழி. ஐயம் தீராவிட்டால் அதை அவரிடமே கேட்க வேண்டும். அல்லது நாயைத் தொட்டுப் பார்க்கக்கூடிய இன்னொரு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சில அறிகுறிகளில் தேடுவதற்கே நேரம் இல்லை. ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போகும், அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. ஈறு வெளுத்துப்போதல், நிற்காத வலிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் போக முடியாமல் முக்குதல், நஞ்சு தின்றதாகச் சந்தேகம் ஆகியவையும் அப்படிப்பட்டவையே. நாய் நலமாக இருக்கும்போதே ஒரு கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, அதன் எடையையும் இயல்பான வெப்பத்தையும் ஈற்றின் நிறத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்றும் இன்றே விசாரித்து வையுங்கள்.